மாப்பிள்ளை ஊர்க்காரரானது

மனைவி அஸ்னிமார் இறந்த நூறாம் நாள் ஓதல் முடிந்து, பெண்கள் பாய்களைச் சுருட்டிக்கொண்டு அடுப்படிக்குப் போன பிறகு, ஜஸ்ருல் தன் மச்சான் எரிசோனைத் தனியாகக் கூப்பிட்டார். வெள்ளிக்கிழமைத் தொழுகை முடிந்ததும் தான் பிறந்த மேட்டு நாட்டுக்குக் கிளம்பிவிடப்போவதாகச் சொன்னார். எரிசோன் கைலி நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டான். அவசரம் ஒன்றும் இல்லையே என்று மட்டும் சொல்லிவிட்டு, வாசலில் கிடந்த செருப்புகளை எதற்கென்றே தெரியாமல் ஜோடி சேர்த்து வைத்துக்கொண்டிருந்தான்.

யாரும் அவரைப் போகச் சொல்லவில்லை. சொல்லவும் மாட்டார்கள். ஆனால் வீடு பெண்களுடையது, தாயிடமிருந்து மகளுக்குப் போவது. மனைவி இருக்கும்வரை புருஷனுக்கு அங்கே பாயும் தலையணையும் உண்டு. அவள் போய்விட்டால் அவன் தன் தாய்வீட்டுக்குத் திரும்பிவிட வேண்டியதுதான். அஸ்னிமாரின் தங்கை மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. வரப்போகிற புது மாப்பிள்ளைக்கு ஜஸ்ருல் படுத்திருக்கும் அறையைத்தான் கொடுக்க வேண்டும். அந்தப் பெண் அதைப் பற்றி வாயே திறக்காமல் காலையில் காப்பியும் வறுத்த வாழைப்பழமும் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போவாள். அதைப் பார்க்கப் பார்க்கத்தான் அவருக்குப் பொறுக்கவில்லை.

சிமந்துங் என்றால் பாடாங் நகரத்திலேயே பாதிப் பேருக்குத் தெரியாது. பைனான் போகிற கடற்கரைச் சாலையிலிருந்து ஒரு மண்பாதை மலையேறி இறங்கும். அதன் கடைசியில் ஆறு கடலில் சேருகிற இடத்தில், தென்னைக்கும் சேற்றுக்கும் நடுவில் கிடக்கிறது ஊர். மேட்டு நாட்டில் வயலுக்கும் எருமைக்கும் நடுவே பிறந்த ஜஸ்ருல் அங்கே வந்து சேர்ந்ததற்குக் காரணம் ஒரு படகு எஞ்சின். பாடாங்கில் அவர் வேலை பார்த்த பட்டறைக்கு அஸ்னிமார் தன் தம்பியின் எஞ்சினை லாரியில் ஏற்றிக்கொண்டு வந்தாள். சரிசெய்து கொடுத்தார். நடுக்கடலில் நின்றுவிட்டது என்று மறுவாரமே திட்டிக்கொண்டு வந்தாள். மறுபடியும் சரிசெய்தார், மறுபடியும் வந்து திட்டினாள். மூன்றாவது தடவை அவளோடு எரிசோனும் வந்தான், கையில் வெற்றிலைத் தட்டோடு. பெண் வீட்டார்தான் வந்து கேட்பது அங்கே வழக்கம். இருவருமே முதல் துணையை இழந்தவர்கள். பேச்சு சீக்கிரம் முடிந்தது.

அப்படி வந்தவருக்கு ஆற்றுமுகத்தில் ஒரு பட்டறை அமைந்தது. தூரத்தில் சத்தம் கேட்டாலே இது இன்னார் படகு, இதில் இன்ன கோளாறு என்று சொல்லிவிடுவார். ஆனால் படகுக்காரர்களை அந்த அளவுக்குத் தெரியாது. சிறுசு முதல் பெருசு வரை எல்லோரும் அவரை மாப்பிள்ளை என்றுதான் கூப்பிட்டார்கள். காப்பிக்கடையில் ஒருவரை ஒருவர் குலம் கோத்திரம் எல்லாம் இழுத்துக் கேலி பேசுவார்கள். அவர் வந்து உட்கார்ந்தால் குரல் ஒரு படி தணியும். மரியாதைதான், குறை சொல்ல முடியாது. விருந்தாளி முன்னால் யார் சண்டை போடுவார்கள்? அவரும் அளந்துதான் பேசுவார். மனம்விட்டுப் பேச வீட்டில் ஒருத்தி இருந்தாள், அது போதும் என்றிருந்தார்.

அவள் காய்ச்சலில் படுத்தாள், எழுந்திருக்கவில்லை. அடக்கம் முடிந்து சில வாரங்களில், விடியற்காலைத் தொழுகைக்குக் கை கால் கழுவி ஒளு செய்யும்போது ஜஸ்ருலின் வலது கை மரத்துப்போனது. லேசான வாதம், மெல்ல மெல்லத் திரும்பிவரும், முழுசாக வருமா என்று சொல்ல முடியாது என்றாள் சுகாதார நிலையத்து நர்ஸ். யாரிடமும் சொல்லாதே என்று அவளிடம் கேட்டுக்கொண்டார். விரல்கள் ஸ்பேனரைச் சுற்றி மூடவே மறுத்தன. பாடாங்கிலிருந்து சாமான் வரவேண்டும் என்று கொஞ்ச நாள் சாக்குச் சொன்னார். பிறகு அதிர்ஷ்டவசமாக, வருகிற எஞ்சின்களில் எல்லாம் போல்ட்டுகள் தளர்ந்தே இருந்தன. இடது கையாலேயே கழற்றிவிட முடிந்தது. சாம்சுவார் என்ற படகுக்காரன், அலை ஆட்டத்தில் தானாக லூசாகிவிட்டது என்றான். இந்த வருஷம் அலை அப்படித்தான் போலிருக்கிறது என்று இவரும் நம்பினார்.

ஆனால் எத்தனை நாளைக்கு? மனைவியும் இல்லை, கையும் இல்லை. இனி இந்த ஊருக்கு நாம் யார் என்று படுக்கையில் கிடந்து யோசித்துத்தான் அந்த முடிவுக்கு வந்தார்.

வியாழக்கிழமை சாயங்காலம் பட்டறையில் சாமான்களைச் சாக்கில் போட்டுக் கட்டிக்கொண்டிருந்தபோது தாத்து பந்தாரோ வந்தார். தஞ்சுங் குலத்துக்குத் தலைவர். தாத்து என்பது தலைவருக்குரிய பட்டம், தாய்மாமனிடமிருந்து வந்தது. வயது நாற்பதுகூட ஆகவில்லை. மீன் லாரிகளுக்கு ஐஸ் போடுகிறவர், எப்போதும் சட்டை பாதி நனைந்திருக்கும். கவிழ்த்துப்போட்ட மீன்பெட்டி மேல் உட்கார்ந்தார்.

“மேட்டுக்குப் போறீங்களாமே?”

“ஆமா. தங்கச்சி மக வரச்சொல்லிக்கிட்டே இருக்கா. வயல் இருக்கு, உக்காந்து பாத்துக்கிட்டாப் போதும்.”

“வயல உக்காந்து பாக்குற ஆளா நீங்க? டீசல் வாசம் இல்லன்னா உங்களுக்கு மூச்சே முட்டும்.”

ஜஸ்ருல் சிரிக்கவில்லை. எஞ்சின் வேலைக்கு ஆள் போய்விடுவானே என்ற கவலையில் வந்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டார். பைனானில் ஒரு நல்ல மெக்கானிக் இருக்கிறான், மாதம் இரண்டு தடவை வந்துபோகச் சொல்லிவைக்கிறேன் என்றார்.

“எஞ்சினுக்காக வந்தேன்னு நெனச்சீங்களா?” என்றார் பந்தாரோ. “உங்க வலது கை பிடிக்கலங்கிறது ஊருக்கே தெரியும்.”

ஜஸ்ருலின் முகம் சுண்டிவிட்டது. “நர்ஸ் சொல்லிட்டாளா?”

“அவ வாயே தெறக்கல. நீங்க காப்பி கிளாச இடது கையால எடுத்தீங்க. தொழுகையாளி இடது கையால குடிச்சா எவனுக்குத்தான் தெரியாது? அங்க உக்காந்திருக்கிறவனுக்கெல்லாம் அடுத்தவன் கிளாசப் பாக்குறதவிட வேற வேல என்ன இருக்கு?”

ஜஸ்ருல் வலது கையைச் சாக்குக்குப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

“போல்ட்டெல்லாம் தானா லூசாகும்னு நெனச்சீங்களாக்கும். கரையில வச்சுக் கழட்டி, லேசா மாட்டிக் கொண்டாந்தானுங்க. சாம்சுவார் மொத நாளே ஒண்ண முறிச்சுப்புட்டான். மாப்பிள்ளைகிட்ட என்ன சொல்லன்னு எங்கிட்ட வந்து முழிக்கிறான்.”

முறிந்த அந்த போல்ட் ஜஸ்ருலுக்கு நினைவுக்கு வந்தது. துருப்பிடித்திருக்கும் என்று தூக்கிப் போட்டிருந்தார். தான் ஊரிடம் ஒன்றை மறைத்துக்கொண்டிருந்தால், ஊர் அது தெரியும் என்பதைத் தன்னிடம் மறைத்துக்கொண்டிருந்திருக்கிறது. இத்தனை வருஷம் எஞ்சின் எஞ்சினாகப் பிரித்துப் பார்த்தோமே, இந்த மனிதர்களை ஒருநாளாவது பார்த்தோமா என்று வெட்கமாக இருந்தது. சாக்கின் வாயைக் கட்டுவதுபோலக் குனிந்துகொண்டார்.

பந்தாரோ வந்த விஷயத்தைச் சொன்னார். அவரைத் தஞ்சுங் குலத்தில் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்பது பேச்சு. வெளியூர்க்காரன் முறைப்படி கேட்டு, ஆடறுத்து ஊருக்குச் சோறு போட்டு, ஒரு குலத்தில் சேர்ந்துகொள்ளலாம். சேர்ந்தால் அவன் அந்த ஊர்க்காரன், குலத்தலைவர் அவனுக்குத் தாய்மாமன் முறை. தாய்வீட்டுக் குலமும் விட்டுப்போகாது.

“யார் இத மொதல்ல பேசினது?” என்று கேட்டார் ஜஸ்ருல்.

“எரிசோன். நீங்க அவன்கிட்டச் சொன்னதுக்கு மறுநாளே எங்க வாசல்ல வந்து நின்னான். உக்காருன்னேன், உக்காரல. ‘எங்க குலத்துல அவரச் சேக்க முடியாது, எங்க அக்காவுக்கே அவரு கூடப்பொறந்தவராயிடுவாரு. நீங்க வச்சுக்குங்க. ஊரவிட்டு மட்டும் போக விட்றாதீங்க’ன்னான். அவன் அவ்வளவு நீளமாப் பேசி நான் கேட்டதே இல்ல.”

ஜஸ்ருல் கேட்டது வேறு ஒன்று.

“நீங்க என்னவிட ரொம்பச் சின்னவரு. நான் உங்கள மாமான்னா கூப்பிடணும்?”

“கூப்பிட்டுத்தான் ஆகணும். எனக்கு மட்டும் ஆசையா? நரைச்ச தலையோட ஒரு மருமகன இழுத்துக்கிட்டு நான் எந்தக் கல்யாணத்துக்குப் போறது?”

மறுநாள் தொழுகை முடிந்ததும் ஜஸ்ருல் மையவாடிக்குப் போய் அஸ்னிமாரின் தலைமாட்டில் உட்கார்ந்து ஓதினார். பிறகு அங்கிருந்தே தங்கை மகளுக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னார். அவள் முதலில் அழுதாள். ஊரில் ஆயிரம் பேர் என்ன சொல்வார்கள், தாய்மாமனை நடுத்தெருவில் விட்டுவிட்டாள் என்பார்களே என்றாள். கொஞ்ச நேரம் கழித்து மூக்கை உறிஞ்சிக்கொண்டு, “அவங்களாத் தேடி வந்து கேக்குறாங்கன்னா இருங்க மாமா. இங்க உங்க வீடு எங்கயும் ஓடிப்போயிடாது” என்றாள்.

எல்லாம் சுலபமாக நடந்துவிடவில்லை. சபை மண்டபத்தில் குலத்தலைவர்கள் கூடியபோது ஒரு தலைவர், இன்றைக்கு ஆளைச் சேர்த்தால் நாளைக்கு நிலத்தில் பங்கு கேட்பாரே என்றார். அவர் கேட்டதிலும் தப்பில்லை, நிலம்தான் குலத்துக்கு உயிர். ஜஸ்ருல் எழுந்து, தனக்கு ஒரு கட்டில் போடுகிற அளவு இடம் போதும், தன் காலத்துக்குப் பிறகு அதுவும் குலத்துக்கே, ஆறடி மண் மட்டும் அஸ்னிமார் பக்கத்தில் வேண்டும் என்றார். கேட்ட தலைவர் கொஞ்ச நேரம் தாடியைத் தடவிவிட்டு, கட்டில் போட்டால் நடக்கவும் இடம் வேண்டுமே, இரண்டு கட்டில் அளவு எழுதிக்கொள்ளுங்கள் என்றார். எல்லோரும் சிரித்துவிட்டார்கள். அதோடு முடிந்தது.

ஆட்டை எரிசோன் கொண்டுவந்து கட்டினான். விருந்தைத் தான்தான் போட வேண்டும் என்று ஜஸ்ருல் தடுத்துப் பார்த்தார். ஆடு தன்னுடையது இல்லை, அக்கா வளர்த்தது, அக்கா புருஷனுக்குத்தானே சேரும் என்று அவன் வாதாடினான். அது உண்மையா என்று இன்றுவரை அவருக்குத் தெரியாது. தேங்காயும் அரிசியும் ஏழெட்டு வீடுகளிலிருந்து வந்தன. தேங்காய்ப்பாலில் ஆட்டுக்கறியைச் சுண்டவைத்து ரெண்டாங் கிண்டுவதற்கு அஸ்னிமாரின் தங்கை விடியலிலேயே வந்து அடுப்பைப் பிடித்துக்கொண்டாள். தஞ்சுங் பெண்களுக்கு மிளகாய் அரைக்கத் தெரியாது என்று அவள் சொல்ல, அவர்கள் அவளை வறுத்தெடுக்க, அடுப்படி ஒரே அமளியாக இருந்தது.

ஓதி, உறுதிமொழி சொல்லி, கை கொடுத்தாயிற்று. சாப்பாட்டுப் பாய் விரித்தார்கள். பழக்கதோஷத்தில் ஜஸ்ருல் சுவரோரம் விருந்தாளிகள் வரிசையில் போய் உட்கார்ந்தார். மாப்பிள்ளைக்கு எந்தப் பந்தியிலும் முதல் தட்டு, முதல் துண்டு. அப்படித்தான் இத்தனை காலமும் சாப்பிட்டிருந்தார். பந்தாரோவின் அக்கா மார்னிஸ் வாசலில் நின்று இடுப்பில் கை வைத்தாள்.

“ஜஸ்ருல், விருந்தாளியாட்டம் அங்க என்ன உக்காந்திருக்க? கை கழுவத் தண்ணி எடுத்துக் குடு. நம்ம வீட்டு விசேஷம்.”

அந்த ஊரில் அவர் பெயர் பாதிப் பேருக்குத் தெரியும் என்றே அவர் நினைத்ததில்லை. எழுந்து போய்ச் செம்பை இடது கையில் எடுத்தார். வலது கையைச் சும்மா அண்டை கொடுத்துக்கொண்டார். வரிசையாகத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே வந்தவர் எரிசோன் முன்னால் நின்றார். இப்போது எரிசோன் விருந்தாளி. அவன் நிமிரவே இல்லை. தண்ணீர் கை நிறைந்து பாயெல்லாம் வழிந்தது.

“போதும் மச்சான்,” என்றான் மெதுவாக. “பாய் நனையுது.”

“நனையட்டும்,” என்றார் ஜஸ்ருல். செம்பை வைத்துவிட்டு அவன் தோளைத் தொட்டார்.

எல்லோரும் சாப்பிட்டு எழுந்த பிறகு, அடுப்படியில் பெண்களோடும் பரிமாறின ஆண்களோடும் உட்கார்ந்து, சட்டி அடியில் ஒட்டிய ரெண்டாங்கைச் சுரண்டிச் சோற்றில் போட்டுப் பிசைந்து சாப்பிட்டார். மார்னிஸ் அவரைப் பாத்திரம் கழுவவும் சொன்னாள். தேங்காய் நாரை இடது கையில் பிடிக்கத் தெரியவில்லை என்று திட்டினாள்.

தஞ்சுங் குலத்துத் தென்னந்தோப்பில், பட்டறைக்குப் பின்னாலேயே ஒரு பலகை வீடு எழும்பியது. கை முக்கால்வாசி திரும்பி வந்தது. காப்பிக்கடையில் இப்போது அவர் வந்தால் யாரும் குரலைத் தணிப்பதில்லை. மேட்டுக்காரனின் எஞ்சின் வேலை எருமை வைத்தியம் மாதிரிதான் என்று சாம்சுவார் அவர் முகத்துக்கு நேராகவே சொல்கிறான். அவரும் அவன் மாமியார் வரைக்கும் இழுத்துப் பதில் கொடுக்கிறார்.

தொழுகை முடிந்து கையேந்தும்போது முன்பெல்லாம் அஸ்னிமாருக்காக மட்டும் கேட்பார், எழுந்துவிடுவார். இப்போது அவளில் தொடங்கி எரிசோன், அவன் தங்கை, அவள் மகள், பந்தாரோ, மார்னிஸ், சாம்சுவார் என்று படகு படகாகப் போய்க்கொண்டே இருக்கிறது. பள்ளிவாசலை விட்டுக் கடைசியாக வெளியே வருகிறவர் அவர்தான். வாசலில் பந்தாரோ செருப்பைப் போட்டுக்கொண்டு நிற்பார். காப்பி ஆறிப்போகிறது, அல்லாஹ்விடம் பாக்கியை நாளைக்குக் கேட்டுக்கொள்ளலாம் வா மருமகனே என்பார். இதோ வந்துட்டேன் மாமா என்று இவரும் செருப்பைத் தேடுவார்.