மூன்று ஊசிக்கும் மசியாத பல் டாக்டர்

பல் டாக்டரிடம் ஒன்று சொன்னால் ஒன்பது திரும்பி வரும். அவருடைய தம்பியோ வாயில் விரலை வைத்தாலும் கடிக்கத் தெரியாதவர்; அண்ணனின் கிளினிக்கிலேயே கருவிகளைக் கழுவி எடுத்துக் கொடுப்பார். ரத்தம் படுகிற வேலை என்பதால் இருவரும் மஞ்சள் காமாலைத் தடுப்பூசியை மூன்று தவணையும் ஒன்றாகவே போட்டுக்கொண்டார்கள்.

டாக்டரின் மனைவிக்கு ஆய்வகத்தில் நோய் எதிர்ப்பை அளக்கிற வேலை. இருவர் ரத்தத்தையும் அவளே சோதித்தாள். கொழுந்தனுடைய எண், கருவியின் எல்லையான ஆயிரத்தையே தாண்டியிருந்தது. கணவருடையதை மூன்று முறை பார்த்தாள். பூஜ்ஜியம்.

சாப்பாட்டு மேஜையில் மெல்ல ஆரம்பித்தாள். "ஏங்க, உங்க உடம்புல எதிர்ப்பே இல்லைங்க."

"எனக்கா? எதிர்ப்பு இல்லையா?"

தம்பிக்குப் புரையேறியது. மாமனார் மகனின் தலையில் தட்டினார்.

"ஊசில வர்ற கிருமியோட துண்டை உடம்பு ஒரு தட்டுல வெச்சு டி செல்லுங்கிற காவல்காரனுக்குக் காட்டணும். அது பார்த்துட்டுப் போய், எதிர்ப்பைத் தயாரிக்கிற பி செல்லை உசுப்பிவிடும். உங்க தட்டுல இந்தத் துண்டு நிக்கவே மாட்டேங்குது. டி செல்லுக்கே தெரியலைன்னா பி செல்லுக்கு யார் சொல்றது?"

"தட்டை மாத்திக் குடு!"

"அது மரபணு போட்ட தட்டுங்க. அம்மாகிட்டேருந்து ஒண்ணு, அப்பாகிட்டேருந்து ஒண்ணு."

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"எங்க பக்கத்துல இப்படி யாரும் கிடையாது" என்றார் மாமியார்.

"அப்போ எங்க பக்கமா? எங்க தாத்தா பாம்பு கடிச்சே சாகலை!" என்றார் மாமனார்.

"அவரை எந்தப் பாம்பு கடிச்சுது? நீங்க பார்த்தீங்களா?"

குழம்பு ஆறிக்கொண்டிருந்தது. மருமகள் சமாதானம் செய்யப் போனாள். "சண்டை வேண்டாம் அத்தை. பெரும்பாலும் ரெண்டு தட்டும் சரியில்லைன்னாதான் இப்படி ஆகும்."

மாமனாரும் மாமியாரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கல்யாணமாகி நாற்பது வருஷத்தில் முதல் தடவையாக ஒரே குரலில் சொன்னார்கள்: "உன் மிஷின்தான் கோளாறு!"

அவள் கணவருக்காக, கிருமியின் வேறு துண்டுகளும் சேர்ந்த இன்னொரு தடுப்பூசியை மருத்துவரிடம் கேட்டு ஏற்பாடு செய்தாள். ஏதாவது ஒரு துண்டாவது தட்டில் நிற்காதா என்ற நப்பாசைதான். தவணைகள் முடிந்து ஒரு மாதம் கழித்துச் சோதித்தாள். பத்து வந்தால் போதும், பதினெட்டு வந்திருந்தது.

டாக்டர் அந்தத் தாளைக் கிளினிக் சுவரில் ஒட்டிவிட்டு, நாற்காலியில் சாய்ந்தவர்களுக்கெல்லாம் விளக்கினார். "பார்த்தீங்களா, பதினெட்டு! லேசுப்பட்ட உடம்பில்லை இது!"

வாயில் பஞ்சை அடைத்துக்கொண்டு கிடந்தவர்கள் யாரால் மறுத்துப் பேச முடியும்?