சாயங்காலம் மட்டும் நின்றுபோகும் கம்ப்யூட்டர்

உவரியில் கெசியா டீச்சர் வீட்டுக் கம்ப்யூட்டருக்கு நடந்த உபசாரம், அந்த வீட்டுக்கு வரப்போகும் மாப்பிள்ளைக்குக்கூட நடக்காது. தூத்துக்குடியில் ஒரு கப்பல் ஏஜென்சி ஆபீசில் எட்டு வருஷம் மாடாக உழைத்துவிட்டு, 1998 ஜனவரியில் லோடு ஆட்டோவில் வைக்கோல் சுற்றி வந்திறங்கிய பழைய 386 ரகப் பெட்டி அது. விற்றவர் போகிற போக்கில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போனார். "இதுக்குக் குளுமை வேணும் டீச்சர். ஏசி ரூம்ல வச்சா நூறு வருஷம் ஓடும்."

ஏசிக்கு உவரியில் எங்கே போவது? வீட்டிலேயே குளுமையான இடம் கடலைப் பார்த்த பெரிய சன்னலடிதான். முப்பது வருஷமாக அது கெசியாவின் அப்பா நேசையாவின் இடம். விடியுமுன் கடலுக்குப் போய், பத்து மணிக்குக் கரையேறி, கஞ்சி குடித்து, அந்தச் சன்னலடிக் கட்டிலில் விழுந்தால் சாயங்காலம் வரை மனிதருக்கு வேறு உலகம் கிடையாது. அந்தக் கட்டிலைத் தூக்கிக் கொல்லைப்புறம் போட்டுவிட்டு மேசை போட்டார்கள். நேசையா முணுமுணுக்கக்கூட இல்லை. "மக படிப்புக்குத்தானே" என்று தலையணையை அக்குளில் இடுக்கிக்கொண்டு நடந்துவிட்டார்.

கெசியா கணக்கு டீச்சர். வேலை பார்த்துக்கொண்டே மூன்று வருஷம் மல்லுக்கட்டி எம்.ஃபில். ஆய்வேட்டை எழுதி முடித்திருந்தாள். அதைத் தட்டெழுத முதலில் ஜங்ஷனில் ஒரு டைப்பிங் சென்டரில் கொடுத்துப் பார்த்தாள். அங்கிருந்த மகாராசன் தொகையீட்டுக் குறி வரவேண்டிய இடமெல்லாம் ஆங்கில எஸ் போட்டு, வர்க்கமூலக் குறிக்கெல்லாம் டிக் அடித்து வைத்திருந்தார். அழக்கூடத் தெம்பில்லாமல் திரும்பி வந்தவள்தான், சேர்த்து வைத்த சம்பளத்தில் இந்தப் பெட்டியையும் கூடவே ஒரு பழைய பிரிண்டரையும் வாங்கினாள். மார்ச் முப்பது, திங்கட்கிழமை நாலு மணிக்குள் ஏட்டைப் பல்கலைக்கழகத்தில் கொடுத்தாக வேண்டும். மறுநாள் அவளுடைய வழிகாட்டிப் பேராசிரியர் ஓய்வு பெறுகிறார். தவறினால் புது வழிகாட்டி, புதுத் தலைப்பு, பழையபடி முதலிலிருந்து.

பெட்டி ஒரு மாதம் சமர்த்தாக ஓடியது. பிப்ரவரி பாதியில் சண்டித்தனம் ஆரம்பித்தது. பள்ளிக்கூடம் விட்டு வந்து, முகம் கழுவி, நாலரைக்கு உட்காருவாள். அரைப் பக்கம் அடிப்பதற்குள் எழுத்துகள் அப்படியே உறைந்துவிடும். எதைத் தட்டினாலும் அசையாது. சில நாள் திரை இருண்டு, தானாகவே மறுபடி எழுந்து, ஒன்றும் நடக்காததுபோல முழிக்கும். அடித்த அரைப் பக்கம் போன இடம் தெரியாது.

திருநெல்வேலி கம்ப்யூட்டர் கடையிலிருந்து அருணாசலம் வந்தான். டவுனில் சைவ வீட்டுப் பிள்ளை. பஸ்ஸிலிருந்து இறங்கும்போதே மூக்கில் கைக்குட்டை ஏறிவிடும். ஆனால் வேலையில் கெட்டிக்காரன். காலைப் பத்து மணி பஸ்ஸில் வந்து பன்னிரண்டரை பஸ்ஸில் திரும்புவான். முதல் தடவை வைரஸ் என்று சல்லடை போட்டுத் தேடினான். இரண்டாம் தடவை வோல்டேஜ் என்று ஸ்டெபிலைசர் மாட்டினான். மூன்றாம் தடவை பவர் சப்ளையையே மாற்றினான். ஒவ்வொரு தடவையும் அவன் கண்முன்னால் பெட்டி ஒரு சிணுங்கல்கூட இல்லாமல் ஓடும். அவன் பஸ் ஏறிய அன்று சாயங்காலமே படுத்துவிடும்.

மூன்றாம் தடவை வந்தது ஒரு சனிக்கிழமை. கெசியா வீட்டில் இருந்தாள். திருப்புளியைத் துடைத்துப் பையில் போட்டுக்கொண்டே அருணாசலம் சொன்னான்.

"தப்பா நெனைக்காதீங்க டீச்சர். மெஷின்ல ஒண்ணுமில்ல. நீங்கதான் அமுக்கக்கூடாதத எதையோ அமுக்குதீங்க."

கெசியாவுக்குச் சுர்ரென்று ஏறியது. பத்து வருஷமாக ஊரார் பிள்ளைகளின் தப்பைச் சிவப்பு மையில் சுழித்துக்கொண்டிருப்பவள் அவள்.

"சரி தம்பி. தப்பு எங்கன இருக்குன்னு நானே கண்டுபிடிச்சு எழுதி வைக்கேன். அடுத்த தடவ வரும்போது பாருங்க."

அன்றிலிருந்து பெட்டி நின்ற நேரத்தையெல்லாம் ஒரு வரைபடத் தாளில் குறித்து வந்தாள். லீவு நாளில் காலையிலும் உட்கார்ந்து பார்த்தாள். பதினோரு நாளில் இருபத்தேழு தடவை நின்றிருந்தது. இருபத்தேழில் ஒன்றுகூட மத்தியானம் ஒரு மணிக்கு முந்தி இல்லை. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து நாலு மணி நேரம் இடைவிடாமல் அடித்தாள், பெட்டி அசராமல் ஓடியது. அதே கை, அதே விரல்கள், சாயங்காலம் ஆனதும் பத்தே நிமிஷத்தில் பெட்டி மல்லாந்தது.

புதன்கிழமை ஆகிவிட்டது. இன்னும் முப்பத்தொரு பக்கம் பாக்கி. கெசியா பள்ளிக்கூடம் போகிற வழியில் பூத்துக்குப் போய்க் கடைக்குப் போன் போட்டாள்.

"இன்னைக்கே மத்தியான பஸ்ஸுக்கு வாங்க தம்பி. கடைசி பஸ்ஸுல போலாம். அது நிக்குதத உங்க கண்ணால பாத்துட்டுப் போங்க."

அருணாசலம் வந்தான். வரைபடத் தாளைக் கையில் வாங்கி வெகுநேரம் பார்த்தான். முகத்திலிருந்த மிடுக்கு கொஞ்சம் இறங்கியது. பக்கத்தில் கரண்டை இழுக்கிற ஐஸ் பாக்டரி ஏதாவது ஓடுகிறதா என்று கேட்டான், இல்லை. ஸ்டெபிலைசர் முள்ளைப் பார்த்தான். அது இருந்த இடத்தில் இருந்தது. கடைசியில் அடுப்படி வாசலில் நின்ற கெசியாவின் அம்மா சாலோமி பக்கம் திரும்பினான்.

"அம்மா, இதுமேல தண்ணி கிண்ணி ஏதும் பட்டுச்சா?"

சாலோமி சேலைத் தலைப்பை முறுக்கினாள். "வந்த அன்னைக்கு ரெண்டு சொட்டு தீர்த்தம் தெளிச்சேன். கோயில்ல வாங்கினது."

"ரெண்டு மாசத்துக்கு முந்தி தெளிச்ச ரெண்டு சொட்டு இன்னும் வேல செய்யுமாம்மா?"

"செய்யும்னுதான தம்பி தெளிச்சேன்."

 நாலு நாற்பதுக்கு, கெசியா ஒரு சமன்பாட்டின் நடுவில் இருந்தபோது, எழுத்துகள் உறைந்தன. அவளுக்கு அழுகை வந்தது. அருணாசலத்துக்கோ தேடின கள்ளனை நேரில் பார்த்த சந்தோஷம். ஒயரைப் பிடுங்கிவிட்டு இரும்பு மூடியைக் கழற்றினான். உள்ளே எல்லாவற்றின் மேலும் மெல்லிசாக ஒரு வெள்ளைப் பூச்சு படிந்திருந்தது. தூசி மாதிரியும் இருந்தது, இல்லாத மாதிரியும் இருந்தது.

சாலோமிக்குக் கருவாட்டு வியாபாரம். கொண்டு வந்து கொட்டுகிற மீனில் உப்பு சரியாகப் பிடித்திருக்கிறதா என்று, ஒரு விரலால் வழித்து நாக்கில் வைத்துப் பார்க்காமல் வாங்கமாட்டாள். அந்தக் கை இங்கேயும் சும்மா இருக்கவில்லை. குனிந்து, பெட்டியின் உள்விளிம்பை ஆட்காட்டி விரலால் வழித்து, நாக்கில் வைத்தாள்.

அருணாசலம் பதறிப்போனான். "அம்மா, கரண்டு இருக்கும்."

"கரண்டு இல்ல தம்பி, உப்புதான் இருக்கு. நல்லா கரிக்கி." சாலோமி வாயைத் துடைத்துக்கொண்டாள். "காலைல அடிக்கது கரைக்காத்து, காஞ்ச காத்து. மத்தியானத்துக்கு மேல கடக்காத்து ஏறிரும். அடுப்படியில உப்புச் சாடி கசியுத நேரம்லா அது. கருவாட்டையே அந்நேரம் நான் வெளிய வைக்க மாட்டேன். இத சன்னலுக்கு நேர வச்சிருக்கு. குளுமை வேணும்னு படிச்சவங்க சொல்லுதாங்களேன்னு நானும் வாயப் பொத்திக்கிட்டு இருந்தேன்."

அருணாசலம் மளமளவென்று வேலையில் இறங்கினான். பெட்டிக்குள் இருக்கிற காற்றாடி கடற்காற்றை உறிஞ்சி உறிஞ்சி, நினைவகத் தகடுகளின் பல்லிலெல்லாம் உப்பை அப்பியிருந்தது. காலையில் காய்ந்து கிடக்கிற உப்பு சாயங்காலம் ஈரம் குடித்ததும் வேலையைக் காட்டியது. கெசியாவின் பேனாப் பெட்டியிலிருந்து ரப்பரை வாங்கி, தகடுகளை ஒவ்வொன்றாக உருவிப் பளபளவென்று வரும்வரை தேய்த்து, ஸ்பிரிட்டால் துடைத்து மாட்டினான்.

"இப்போ சரியாயிரும் டீச்சர். ஆனா இங்கனயே இருந்தா திரும்பவும் அப்பிக்கிடும். கொஞ்சம் சூடு தாங்கும், உப்பு தாங்காது. காத்தே நுழையாத எடம் இந்த வீட்ல இருக்கா?"

இருந்தது. சன்னலே இல்லாத உள்ளறை. ஈரம் ஏறாமலிருக்க எந்நேரமும் ஒரு குண்டு பல்பு எரிகிற அறை. சாலோமியின் கருவாடு முழுவதும் அதற்குள்தான் ஓலைப்பெட்டி ஓலைப்பெட்டியாக அடுக்கிக் கிடந்தது.

கெசியாவின் முகம் சுண்டிப்போனது. பாளையங்கோட்டை ஹாஸ்டலில் இருந்த காலத்தில், வீட்டிலிருந்து கொண்டுபோன துணியை இரண்டு தடவை துவைத்து, பவுடர் கொட்டி மடித்து உடுத்தினவள் அவள். இன்றைக்கும் வெளியூர் பஸ்ஸில் பக்கத்தில் ஒருத்தி மூக்கைச் சுளித்தால் அவளுக்கு உடம்பெல்லாம் கூசும்.

"தாளெல்லாம் வாடை ஏறிருமேம்மா."

"ஏறத்தான் செய்யும் மக்கா. இப்போ வாடையப் பாக்கியா, திங்கக்கெழமையப் பாக்கியா?"

கெசியா மேசையின் ஒரு முனையைப் பிடித்துத் தூக்கினாள். மறுமுனையை அருணாசலம் பிடித்தான். கைக்குட்டையை மூக்கில் கட்டிக்கொண்டு உள்ளே போனவன், ஒரு மணி நேரம் கழித்து வெளியே வரும்போது அதை எங்கே வைத்தோம் என்றே மறந்திருந்தான்.

வியாழன், வெள்ளி, சனி. கடற்காற்று வழக்கம்போலச் சன்னல் கதவை ஆட்டிக்கொண்டிருந்தது. உள்ளே கெசியா வேர்த்துக் கொட்ட அடித்துக்கொண்டிருந்தாள். பெட்டி ஒரு தடவைகூட நிற்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை மூன்று படியும் அச்சாகி வந்தன. சாலோமி கையைச் சேலையில் மூன்று தரம் துடைத்துவிட்டு ஒவ்வொரு தாளாக வாங்கி அடுக்கினாள். ஒரு எழுத்து அவளுக்குப் புரியாது. ஆனாலும் ஒவ்வொன்றையும் ஒரு பார்வை பார்த்துத்தான் வைத்தாள்.

திங்கட்கிழமை அம்மாவும் மகளுமாகப் புறப்பட்டு, திருநெல்வேலியில் பைண்டிங் போட்டு, பல்கலைக்கழக ஆபீசுக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி மூன்று இருபது. வரிசையில் பின்னால் நாலைந்து பேர், எல்லோரும் இஸ்திரி போட்ட உடுப்பில். ஜன்னலுக்குள் இருந்த கிளார்க் ஏட்டைப் பிரித்தார். மூக்கை உறிஞ்சினார். பக்கத்தைப் புரட்டி மறுபடி உறிஞ்சினார்.

"என்னம்மா, ஏதோ வாடை அடிக்கி?"

சாலோமி சட்டென்று ஓரடி பின்னால் நகர்ந்தாள். கெசியாவின் வாயில், பஸ்ஸில் யாரோ கூடை வைத்திருந்தார்கள் என்கிற பொய் தயாராக இருந்தது. அம்மா நகர்ந்ததைப் பார்த்ததும் அதை விழுங்கிவிட்டுக் கையை நீட்டி அம்மாவின் மணிக்கட்டைப் பிடித்து முன்னால் இழுத்தாள்.

"கருவாட்டு வாடை சார். இவங்க எங்கம்மா. கருவாட்டு யாவாரம். இவங்க ரூம்புல வச்சுத்தான் இத முழுக்க அடிச்சேன்."

கிளார்க் கண்ணாடிக்கு மேலாக இருவரையும் பார்த்தார். முத்திரையை எடுத்து மையில் ஒற்றி மூன்று படியிலும் குத்தினார். நேரத்தையும் தேதியையும் எழுதி ரசீதைக் கிழித்துவிட்டு, சாலோமியைப் பார்த்துக் கேட்டார்.

"சாளைக் கருவாடாம்மா?"

"நெத்திலி."

"நல்ல நெத்திலியா?"

"நல்லா இல்லாததையா எம்மக படிப்புகூட வைப்பேன்?" என்றாள் சாலோமி.

ரசீதை அவள்தான் கை நீட்டி வாங்கினாள்.