சத்தம் இல்லாத வகுப்பு

ஜெர்மன் துறையில் அவளுக்குப் பட்டப்பெயர் ‘தற்காலிகம்’. அலுவலக எழுத்தர் வைத்தது. மனுஷர் கெட்டவர் இல்லை. வருஷா வருஷம் அவளுடைய ஒப்பந்தத்தைப் புதுப்பித்து அவருக்கே அலுத்துப் போயிருந்தது. யாருக்கும் வேண்டாத வகுப்பெல்லாம் அவள் தலையில்தான் விழும். நிரந்தரப் பேராசிரியர்கள் ஆராய்ச்சி விடுப்பில் போவார்கள், இவள் விடைத்தாள் கட்டோடு வீட்டுக்குப் போவாள்.

ஒருவழியாக நிரந்தர இடம் ஒன்று காலியானது. கற்பித்தலும் ஆராய்ச்சியும் சேர்ந்த வேலை. கடைசிச் சுற்றுக்கு இரண்டே பேர் வந்தார்கள்: இவளும், வெளிநாட்டில் படித்துத் திரும்பிய ஓர் இளைஞரும். இருவரும் ஒரே வகுப்புக்கு மாதிரிப் பாடம் நடத்த வேண்டும், தேர்வுக் குழு பின் வரிசையில் உட்கார்ந்து பார்க்கும். அதற்கு எந்த வகுப்பைப் பிடித்தார்கள் தெரியுமா? இவளுடைய மூன்றாமாண்டு வகுப்பையேதான்.

“அப்புறம் என்ன, உன் காட்டுல மழைதான்,” என்றான் கணவன்.

அவளுக்கோ அதுதான் உறுத்தியது. ஜெர்மன் பல்கலைக்கழகங்களில் பாடம் முடிந்ததும் மாணவர்கள் கைதட்ட மாட்டார்கள். விரல் முட்டியால் மேசையில் தட்டுவார்கள். அந்த வழக்கத்தை இந்த வகுப்பில் புகுத்தியவள் அவள். பிள்ளைகளும் மேசை பெயர்ந்து விழுகிற மாதிரி தட்டுவார்கள். நாளைக்கும் அப்படியே தட்டினால் அந்த இளைஞரின் கதி என்ன? முந்தின நாள் வகுப்பு முடிகிற நேரத்தில் சொன்னாள்.

“நாளைக்கு எனக்குத் தட்டாதீங்க. நம்ம மேடம்னு கட்சி கட்டினா நல்லாயிருக்காது. நான் யாரோன்னு நினைச்சுக்கங்க.”

நல்ல மனசுதான். அந்த நல்ல மனசு, இளைஞருக்கும் தட்டாதீர்கள் என்று சொல்ல மறந்துவிட்டது, பாருங்கள்.

மறுநாள் இளைஞர் முதலில் நடத்தினார். குறை சொல்ல முடியாது. முடித்ததும், வந்தவருக்கு மரியாதை செய்ய வேண்டுமே என்று வகுப்பே தடதடவென்று தட்டியது. பிறகு இவள், போர் முடிந்த கையோடு ஜெர்மனியில் எழுதப்பட்ட சிறுகதைகளைப் பற்றிப் பேசினாள். ஒருவரும் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. முடித்தாள். ஒரு சத்தம் இல்லை. முன் வரிசைப் பெண் இரண்டு கைகளையும் தொடைக்கடியில் வைத்து உட்கார்ந்திருந்தாள். பின் வரிசையில் குழுவினர் ஏதோ குறித்துக்கொண்டார்கள்.

நேர்காணலில் குழுத் தலைவர் கேட்டார். “உங்க ஆராய்ச்சிதான் கனமானது, அதுல சந்தேகமே இல்லை. ஆனா அவருக்கு அந்தத் தட்டு தட்டினாங்க, உங்களுக்கு ஒண்ணுமே இல்லையே. பிள்ளைங்களுக்கு உங்க மேல ஒட்டுதல் இல்லையோ?”

மாதிரி வகுப்பைப் பற்றி மாணவர்களிடம் மூச்சு விடக் கூடாது என்பது குழுவின் விதி. பாடத்தைச் சொல்லிக் கொடுத்துவிடக் கூடாது, அவ்வளவுதான் என்று அவள் நினைத்திருந்தாள். இப்போது வாயைத் திறந்தால் வேலை போய்விடும். “என்னன்னு தெரியலை சார்” என்று மழுப்பினால் ஆராய்ச்சியை வைத்தே கரையேறிவிடலாம்.

“நான்தான் தட்ட வேண்டாம்னு சொன்னேன்,” என்றாள்.

குழுவில் இருந்த வேதியியல் பேராசிரியை சிரித்துவிட்டார். “தனக்கு ஆள் சேர்க்கறவங்களைப் பாத்திருக்கேன். தன் தலையில தானே மண்ணை வாரிப் போட்டுக்கறவங்களை இப்பதான் பாக்கறேன்.”

தலைவர் சிரிக்கவில்லை. “விதின்னு ஒண்ணு இருக்கேம்மா,” என்றார், வருத்தமாகத்தான். சாயங்காலமே வேலை இளைஞருக்கு என்று ஆகிவிட்டது.

“வாயை மூடிக்கிட்டு இருந்திருக்கலாமே,” என்றான் கணவன். “யாருக்குத் தெரியப் போகுது?”

“ஆராய்ச்சியைக் குறை சொல்லியிருந்தா கேட்டுக்கிட்டு வந்திருப்பேன். அந்தப் பிள்ளைங்களுக்கு என்னைப் பிடிக்காதுன்னு ஒருத்தர் நினைக்கறதை என்னால தாங்க முடியலை. வேலை போனா போகட்டும்.”

சொல்லிவிட்டாளே தவிர, அந்த வேலை மேல் அவளுக்கு இருந்த ஆசை கொஞ்சநஞ்சமா? செருப்பைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். கணவன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

அழுது முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“நாளைக்கு முதல் வகுப்பே அவங்களுக்குத்தான். ஏன் கிடைக்கலைன்னு கேப்பாங்க. என் ஆராய்ச்சி போதலைன்னு சொல்லிடப் போறேன்.”