ஒரே வீட்டுக்கு இரண்டு வாசல்

1
இந்தக் கதை ஒரு பொய்யிலிருந்து பிறந்தது. சொன்னவன் இஷாக். அவனைப் பற்றிப் பிறகு.

திண்டுக்கல் நாகல் நகரில், காய்கறி வண்டிகளின் சத்தம் அடங்கிய ஒரு சந்தில், நர்கீஸ் என்ற

(இது ஆகாது. அவளுக்கு உயிர் போகிறது, நான் சந்தை வருணித்துக்கொண்டிருக்கிறேன்.)

2
தையற்கடை நர்கீஸ் கணினித் திரையை மேலும் கீழும் தள்ளிப் பார்த்தாள். பதினோரு வருடமாக அவள் வரைந்த எம்ப்ராய்டரி டிசைன்கள் இருந்த இடத்தில் ஒன்றுமே இல்லை.

பழைய கணினியில் விண்டோஸ் படுத்துவிட, தம்பி இஷாக் அதற்குப் பதிலாக லினக்ஸ் போட்டுக் கொடுத்திருந்தான். டிசைன் மென்பொருளோ விண்டோஸுக்கென்றே செய்தது. வைன் என்றொரு மென்பொருளை நடுவில் நிறுத்தி அதையும் ஓட வைத்தான்.

"அது தனிப் பெட்டி மாதிரிக்கா. உள்ள என்ன செஞ்சாலும் வெளிய ஒண்ணும் ஆகாது."

இன்று கணினி இடமில்லை என்றது. பெட்டிக்குள் ஒரு டாக்குமெண்ட்ஸ், வெளியே ஒரு டாக்குமெண்ட்ஸ், இரண்டிலும் அதே டிசைன்கள். ரெட்டைச் செலவு எதற்கென்று உள்ளே இருந்ததை அடியோடு அழித்தாள். வெளியே வந்து பார்த்தால் அங்கும் காலி. இரண்டு வாசல் வைத்த ஒரே வீடு அது.

3
(டிசைனைத் தையல் மெஷினுக்குக் கொண்டுபோகும் பென்டிரைவில் இருக்குமே என்பீர்கள். ரவிக்கையின் ஒரு கை தைத்ததும் பென்டிரைவையும் மெஷினையும் துடைத்துவிடுவது அவள் வழக்கம். பக்கத்துக் கடைக்காரர் கண்ணில் பட்டால் அதே டிசைன் மறுநாளே அங்கே தொங்கும்.)

சகாயராணி வந்து நின்றாள். நாளை மறுநாள் அவள் மகளுக்குக் கல்யாணம்.

"ரவிக்கை ஆச்சாக்கா?"

"எடது கை ஆயிருச்சு."

"வலது?"

நர்கீஸ் காலித் திரையை அவள் பக்கம் திருப்பினாள்.

4
முடிவு ஒன்று: அழிந்ததெல்லாம் மீண்டு வருகிறது. (எனக்கே நம்பிக்கையில்லை.)

முடிவு இரண்டு: சகாயராணி பெருந்தன்மையாக, பரவாயில்லை என்று

(மகள் கல்யாண ரவிக்கையில் எந்தத் தாய் அப்படிச் சொல்வாள்?)

இஷாக்தான் இடிக்கிறான். தெரியாததை இத்தனை தைரியமாக ஏன் சொன்னான்? மூன்று தடவை திருத்தியும் அவன் ஒட்டவில்லை. இஷாக் என்று ஒருவன் இல்லை. அக்காவிடம் அப்படிச் சொன்னவன் நான். வெட்கமாக இருக்கிறது.

5
"நீ சொன்னதத்தானடா செஞ்சேன்," என்றாள் அக்கா ஃபோனில். நான் அப்படியே வைத்துவிட்டுக் கதை எழுத உட்கார்ந்தேன். இப்போது மறுபடி அழைக்கிறாள்.

"எடது கைய வச்சு, தையல எண்ணி எண்ணி வலதுக்கு வரையப் போறேன். ஒருத்தி கண்ணு போதாது. செத்த நேரம் வந்து ஒக்காரு."

அவளுடைய பதினோரு வருடத்தில் மிச்சம் அந்த ஒற்றைக் கை. நாகல் நகருக்கு ஆட்டோவில் கால் மணி நேரம். மூன்றாவது முடிவு அங்கே இருக்கிறது.

இதற்குக் கீழே இன்னொரு வரி இருந்தால், நான் போகவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.