ஒரு சாண் குறைந்த பேழை

இறந்துபோன மோல்பாஸின் கால்கள், குழியில் வைத்திருந்த சுட்டமண் பேழைக்குள் இறங்க மறுத்தன. தலைமாட்டில் பிடித்தவர்கள் இன்னும் கொஞ்சம் மேலே இழுத்துப் பார்த்தார்கள், தலை முட்டியது. கால்மாட்டில் பிடித்தவர்கள் கீழே இறக்கினார்கள். இரண்டு குதிகாலும் விளிம்பில் வரைந்திருந்த காட்டுப்பன்றியின் முதுகில் போய் உட்கார்ந்தன. மூடுகல்லைத் தூக்கி நின்ற நான்கு பேரும் அதை மெதுவாகத் தரையில் வைத்தார்கள்.

"ஒரு சாண் குறையுது," என்றார் சித்தப்பா ஹெர்மியாஸ். மெதுவாகப் பேச அவருக்கு எந்தக் காலத்திலும் வந்ததில்லை.

நன்னிஸ் தன் தம்பி ஃபானெஸைப் பார்த்தாள். அவன் முகம் சுடாத மண்ணாக வெளுத்திருந்தது. கிளாசோமெனாய் ஊரில் இறந்த பாதிப் பேரைப் படுக்க வைத்தது அப்பா மோல்பாஸின் பட்டறைதான். அவருக்கே பேழை பற்றவில்லை என்றால் ஊர் சிரிக்க வேண்டும். யாரும் சிரிக்கவில்லை. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

பட்டறையில் எல்லாப் பேழைக்கும் ஒரே அளவுகோல். சூளையில் மண் சுருங்கும் என்பதற்காக அந்தக் கோலையே நீளமாக வெட்டியிருந்தார்கள். அப்பா அந்தக் கோலுக்கும் மிஞ்சிய ஆள். அதனால் அவர் நோயில் விழுந்த பிறகு, ஃபானெஸ் அவரைப் படுக்க வைத்து, உச்சியிலிருந்து குதிகால் வரை கயிறு பிடித்து அளந்தான். அந்தக் கயிற்றின் நீளத்துக்கே பச்சை மண்ணில் பேழை செய்தான். சுருக்கத்துக்கு ஒரு சாண் சேர்க்க மறந்துவிட்டான்.

"கடற்கரைப் பட்டறையில பெரிய பெட்டி ஒண்ணு சும்மா கிடக்கு," என்றார் சித்தப்பா. "படம் கிடம் இல்லாட்டி என்ன, மனுஷன் நேரா படுப்பாரு. வண்டியை அனுப்புங்க."

"அனுப்புங்க சித்தப்பா." ஃபானெஸ் மண்வெட்டியை எடுத்தான். "இதை நானே உடைச்சிடறேன். என் கைக்கும் மண்ணுக்கும் ஆகாதுன்னு அப்பா சொல்லிக்கிட்டே இருந்தாரு. சரியாத்தான் சொன்னாரு. இனி நான் மண்ணைத் தொட மாட்டேன்."

அவன் சொன்னால் செய்வான்.

பேழையைச் சூளையில் ஏற்றுவதற்கு முந்தின நாள் அப்பா அவள் தோளைப் பிடித்துக்கொண்டு முற்றத்துக்கு வந்திருந்தார். ஒரே பார்வைதான்.

"கயிறு அளவுக்கே செஞ்சிருக்கான். சுருக்கம் சேர்க்கலை."

"ஐயோ, அவனைக் கூப்பிடட்டுமாப்பா? இன்னும் சுடலையே."

"வாயை மூடு." விளிம்பில் ஓடிய வேட்டை நாய்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். "பாரேன், கழுதை என்னமா வரைஞ்சிருக்கு. பன்னெண்டு வருஷமா அவன் செஞ்ச ஒவ்வொண்ணுலயும் குத்தம் சொல்லிட்டேன். இதுல சொல்ல மாட்டேன். நான் காலை மடக்கிக்கிறேன். நீயும் மூச்சு விடக்கூடாது."

அவள் வாக்குக் கொடுத்திருந்தாள்.

இப்போது நன்னிஸ் மேலாடையை இழுத்துச் செருகிக்கொண்டு குழிக்குள் இறங்கினாள். அப்பாவின் முழங்காலுக்கு அடியில் கையைக் கொடுத்தாள். நேற்று முழுக்க விறைத்துக் கிடந்த கால் இன்று இளகியிருந்தது. அவரை ஒருக்களித்துத் திருப்பி, முழங்காலை மடக்கினாள். குதிகால்கள் பன்றியை விட்டு இறங்கின.

"என்னடி பண்றே?" சித்தப்பா பதறினார். "மடக்கி வைக்க அவரென்ன பானையில புதைக்கிற பச்சைக் குழந்தையா?"

"அப்பா இப்படித்தானே சித்தப்பா தூங்குவாரு. ஒருக்களிச்சு, காலை மடக்கி."

ஃபானெஸின் மண்வெட்டி நின்றது. எல்லாரும் அம்மாவைப் பார்த்தார்கள். ஒரு மனிதன் எப்படித் தூங்கினான் என்பதை வேறு யாரிடம் கேட்பது?

முப்பது வருடம் மோல்பாஸ் மல்லாந்து, கைகாலைப் பரப்பி, கட்டில் மொத்தத்தையும் தனக்கே எடுத்துக்கொண்டு தூங்கியவர். அம்மா விளிம்பில் ஒட்டிக்கொண்டு படுத்தவள். துக்கத்துக்காகக் கத்தரித்த முடியோடு குழியின் ஓரத்தில் நின்று அவள் மகளைப் பார்த்தாள். பிறகு மகனைப் பார்த்தாள். அவன் இன்னும் மண்வெட்டியைப் பிடித்திருந்தான்.

"ஆமா, இப்படித்தான் படுப்பாரு," என்றாள் அம்மா. "எனக்கு எப்பவும் நிறைய இடம் விடுவாரு."

ஃபானெஸ் மண்வெட்டியைக் கீழே வைத்துவிட்டுக் குழிக்குள் இறங்கினான். அப்பாவின் கால்மாட்டில் காலியான இடத்தில், இறந்தவரோடு வைக்கும் எண்ணெய்க் குப்பியை வைத்தான். விளிம்பில் ஒட்டியிருந்த மண்ணை உள்ளங்கையால் துடைத்தான். நாய்கள் பளிச்சென்று தெரிந்தன.

நான்கு பேரும் கல்லைத் தூக்கினார்கள். அது எங்கும் இடிக்காமல் இறங்கி உட்கார்ந்தது.