குடைக்குள் வேப்பிலை

எங்கள் தோட்டத்துக் கோயிலில் முதல் பாய் இசபெல்லுடையது. ஆண்டவர்மேல் விசுவாசம் இல்லாத ஒரே ஆள் அவள்தான். ஞாயிறு தவறாமல் எல்லோருக்கும் முன்னால் வந்து உட்காருகிறவளும் அவள்தான். நாங்கள் விசுவாசமுள்ளவர்கள் என்பதால் மணியடித்து ஓய்ந்த பிறகு மெதுவாக வருவோம்.

அக்கரப்பத்தனைக்கு மேலே, மலை முடிகிற இடத்தில் இருக்கிறது எங்கள் தோட்டம். சாமியார் மாதம் ஒருமுறை ஏறி வந்து பூசை வைப்பார். மற்ற ஞாயிறுகளில் உபதேசியார் செபஸ்தியாம்பிள்ளைதான் செபம் நடத்துவார். வார நாட்களில் அவர் தேயிலை ஸ்டோரில் கொழுந்து நிறுக்கிறவர். ஞாயிற்றுக்கிழமை எங்கள் பாவங்களை நிறுப்பார். இரண்டு இடத்திலும் நமக்கு எடை குறைவாகத்தான் வரும்.

செபமாலையில் அவர் முன்பாதி சொல்ல நாங்கள் பின்பாதி சொல்லுவோம். இசபெல் வாயைத் திறக்க மாட்டாள். சுவிசேஷம் வாசிக்க அவர் எங்கள் பக்கம் திரும்பும்போது, இரண்டு முழத் தூரத்தில் உட்கார்ந்துகொண்டு அவரையே பார்ப்பாள். அந்தப் பார்வையில் வரி தவறி, ஐந்து அப்பத்தையும் இரண்டு மீனையும் அவர் ஒரே ஞாயிறில் இரண்டு தடவை பங்கிட்டதுண்டு.

காரணம் எல்லோருக்கும் தெரியும். தேயிலை விலை விழுந்து லயத்து வரிசை வீடுகளில் பாதிப் பேரை இந்தியாவுக்குக் கப்பலேற்றிய வருஷம், அவளுடைய மகன் சூசைக்கு அம்மை போட்டது. ஒரே பிள்ளை. தோட்டத்து ஆஸ்பத்திரியில் கொடுத்த மருந்தைக் கொடுத்தாள். அந்தோனியாருக்கு மெழுகுதிரி ஏற்றினாள். காய்ச்சல் இறங்கவில்லை. புருஷன் மரியரட்ணத்தைக் கடைவீதிக்கு அனுப்பி, சுந்தரலிங்கம் கடையில் வேப்பிலை வாங்கிவரச் சொன்னாள். பிள்ளையைக் கம்பளியில் சுற்றித் தூக்கிக்கொண்டு மாரியம்மன் கோயிலுக்குப் போனாள்.

வேம்பு எங்கள் குளிரில் வளராது. வெயில் காயும் ஊர்களிலிருந்து ரயிலில் வந்து, பாதி வாடித்தான் எங்கள் கடைகளில் தொங்கும். அதை ஒருவன் வாங்கினால், அவன் லயத்துக்கு ஏறி வருவதற்குள் எந்த வீட்டில் அம்மை என்று தோட்டத்துக்கே தெரிந்துவிடும். ஆனால் அம்மை கண்டு மாரியம்மாவிடம் போகாத வேதக்காரர்கள் எங்களில் யாரும் இல்லை. பிள்ளை பிழைத்துக்கொண்டால் யாரும் ஒன்றும் கேட்பதில்லை. சூசை பிழைக்கவில்லை.

குழியருகே உபதேசியார் எல்லோரும் கேட்கும்படி சொன்னார்: "தாய் அந்நிய தெய்வத்தை நம்பினாள். ஆண்டவர் பிள்ளையை எடுத்துக்கொண்டார்." அதோடு விடவில்லை. மூன்று ஞாயிறு முள்முடி வைத்துக்கொண்டு கோயில் வாசலில் அவள் முட்டி போட வேண்டும் என்று அபராதமும் விதித்தார். துரை பங்களாத் தோட்டக்காரன் எங்கள் ஆள். துரைசாணி வளர்க்கும் ரோசாச் செடியில் தண்டு வெட்டி அவன்தான் முடி கட்டிக் கொடுத்தான். அதில் ஒரு மொட்டு இருந்ததை யாரோ கவனித்து, அபராதத்துக்குப் பொருந்தாது என்று கிள்ளி எறிந்தார்கள். பிள்ளையைப் பறிகொடுத்தவள் தலையில் முள்ளை வைத்துவிட்டு, அவளைத் தாண்டித் தாண்டி நாங்கள் உள்ளே போய்ச் செபம் சொன்னோம்.

மூன்றாம் ஞாயிறோடு அவளுக்கு விசுவாசம் போய்விட்டது. ஆட்டுக்குட்டி காணாமல் போனால் தேடலாம், நாலு பேரிடம் கேட்கலாம். இதற்கு என்ன செய்வது? அவள் தேடவில்லை. தலையிலிருந்த முடியைக் கழற்றி முந்தானையில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுபோனாள். அது கோயில் சொத்து. ஆனாலும் போய்க் கேட்க உபதேசியாருக்கு வாய் வரவில்லை. முடி இல்லாததால் அதற்குப் பிறகு யாருக்கும் அந்த அபராதம் விழவில்லை. அந்த வகையில் எங்களுக்கு நிம்மதிதான்.

ஆண்டவர் இல்லை என்று முடிவு கட்டியவள் அவரை விட்டுவிட வேண்டியதுதானே? விடவில்லை. விறகு நனைந்தாலும் அவரைத்தான் ஏசுவாள், அட்டை கடித்தாலும் அவரைத்தான் ஏசுவாள். இல்லாதவரை எதற்கு இப்படித் திட்டுகிறாய் என்று மரியரட்ணம் ஒருநாள் கேட்டிருக்கிறான்.

"இருந்தா பயந்துக்கிட்டு சும்மா இருந்திருப்பேன்," என்றாளாம்.

அவளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். குழியருகே சொன்ன வார்த்தையை அந்த மனுஷன் தன் வாயாலேயே திருப்பி எடுக்க வேண்டும். அதற்காகத்தான் வாராவாரம் அவர் முகத்துக்கு நேரே வந்து உட்கார்ந்தாள். சுவிசேஷத்தில் ஒரு வரியையும் நம்பாதவள் அந்த ஒரு வார்த்தையை மட்டும் நம்பினாள். தன்னால்தான் பிள்ளை போனது என்று நம்பினாள். அதனால் புதைத்த நாளுக்குப் பிறகு கல்லறைப் பக்கமே போனதில்லை. கல்லறைத் திருநாளுக்கும் மரியரட்ணம் தனியாகப் போய் மெழுகுதிரி வைத்துவிட்டு வருவான். கொழுந்து எடுக்கக் கல்லறை இருக்கும் மலைக்கு அனுப்பினால்கூடச் சுற்றுவழியில்தான் போவாள். அதைப் பார்க்க எங்களுக்கே கஷ்டமாக இருக்கும். ஆனாலும் நாங்கள் ஒன்றும் சொல்லவில்லை.

இப்படியே சில வருஷங்கள் போயின. ஒரு ஆனி மாதம், உபதேசியாரின் மகள் தெரேசாவின் குழந்தைக்குக் காய்ச்சல் என்று கேள்விப்பட்டோம். சளி என்றார் உபதேசியார். மறுநாள் ஏதோ சோலியாக வட்டகொடைக்குப் போனார். வட்டகொடையில் அவருக்கு என்ன சோலி என்று யாருக்கும் தெரியாது. அந்தி நேரத்தில் கொட்டுகிற மழையில், குடையை விரிக்காமல் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, தொப்பலாக நனைந்தபடி எங்கள் லயத்தைக் கடந்து போனார். பாவத்துக்காக உடம்பை வருத்தி ஒறுத்தல் செய்கிறார் என்று நினைத்து நாங்கள் மரியாதையாக எழுந்து நின்றோம்.

அடுத்த ஞாயிறு காலை வெயிலடித்தது. செபம் முடிகிற நேரம் பார்த்து வானம் இருட்டிக்கொண்டு வந்தது. எல்லோரும் வாசலில் நெருக்கியடித்து நின்றோம். உபதேசியார் எங்களை விலக்கிக்கொண்டு படிக்கு வந்து, மழையை ஒரு பார்வை பார்த்துவிட்டு, குடையை விரித்தார்.

அவர் தலைமேலும் தோள்மேலும் சரசரவென்று வேப்பிலை கொட்டியது. காய்ந்து சுருண்ட வேப்பிலை. சுந்தரலிங்கம் கடையைத் தாண்டி வட்டகொடை வரை போய் வாங்கி, குடைக்குள் ஒளித்துக் கொண்டுவந்தவர் உதறிப் பார்க்க மறந்திருக்கிறார்.

விளக்கம் தேவைப்படுகிற இலை அல்ல அது. எல்லோரும் இசபெல்லைத்தான் பார்த்தோம். இந்த நாளுக்காகத்தானே அவள் காத்திருந்தாள், இன்று அவரை உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவாள் என்று நினைத்தோம். கொஞ்சம் ஆசையும் பட்டோம் என்றே சொல்ல வேண்டும்.

அவள் குனிந்து இலைகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கினாள். மாரியம்மா இலையை மிதிக்கக் கூடாது என்று சின்ன வயசிலிருந்து பழக்கம். பொறுக்கியதை அவர் கையில் கொடுத்தாள்.

"புள்ளைக்கு வேப்பெலத் தண்ணி ஊத்தியாச்சாங்க?" என்றாள்.

இன்னும் இல்லை என்று அவர் தலையை ஆட்டினார். அவள் மழையில் இறங்கி நடந்தாள்.

பிறகு நடந்ததை மரியரட்ணம் சொல்லித்தான் தெரியும். அன்று மத்தியானமே உபதேசியார் லயத்தில் அவர்கள் இருந்த ஒற்றைக் காம்பராவுக்கு வந்தார். மரியரட்ணம் பலகையை எடுத்துப் போட்டான். அவர் உட்காரவில்லை.

"இசபெல்லு, அந்த முடியக் குடு. இப்ப எனக்கு வேணும்."

முடி இல்லை என்றாள் அவள். "அன்னைக்கே அடுப்புல வச்சுட்டேங்க. வெறகெல்லாம் ஈரம். அதுலதான் தேத்தண்ணி போட்டேன்."

அந்தத் தேநீரைக் குடித்தவன் மரியரட்ணம். அவனுக்கே அது புதுச் செய்தி.

வேறு முடி கட்டச் சொல்லுகிறேன், மூன்று ஞாயிறும் வாசலில் முட்டி போடுகிறேன் என்றார் உபதேசியார். நீங்கள் முட்டி போட்டால் எனக்கு என்ன கிடைக்கும் என்று கேட்டாள். குழந்தைக்கு எப்படி இருக்கிறது என்று விசாரித்தாள். காய்ச்சல் விட்டுவிட்டது, கஞ்சி குடிக்கிறது என்றார். அதைக் கேட்டு அவளுக்குச் சந்தோஷமாகவும் இருந்தது, வயிறும் எரிந்தது.

"ஒங்க பேத்திக்கும் வேப்பெல வாங்குனீங்க. எம் மகனுக்கும் நான் வாங்குனேன். அது கஞ்சி குடிக்குது. இவன் மண்ணுக்குள்ள இருக்கான். நான் கொன்னேனா?"

ஞான உபதேசத்தின் கேள்வி பதில் முழுவதும் உபதேசியாருக்கு மனப்பாடம். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவார். இந்தக் கேள்வி அதில் இல்லை.

"நீ கொல்லல," என்றார். "ஏன் போச்சுன்னு எனக்குத் தெரியாதும்மா. அன்னைக்கும் தெரியாது."

"அத எல்லாரும் இருக்கையிலதான சொன்னீங்க. இதையும் எல்லாரும் இருக்கையில சொல்லுங்க."

அடுத்த ஞாயிறு அவர் சொன்னார். சுவிசேஷப் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, குழியருகே சொன்ன அதே குரலில் சொன்னார். சூசை ஏன் இறந்தான் என்று தனக்குத் தெரியாது, தெரிந்தது போலப் பேசியது பாவம், அந்தத் தாய்மேல் குற்றமில்லை. அவ்வளவுதான். உடனே செபத்தைத் தொடங்கிவிட்டார். நாங்கள் பின்பாதியைச் சொல்லிக்கொண்டே இசபெல்லின் வாயைப் பார்த்தோம். எங்கள் பெண்களில் சிலர் ஏற்கெனவே கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். காணாமல் போன விசுவாசம் இந்த நிமிஷம் திரும்பி வந்துவிடும் என்று அவர்களுக்கு ஒரு நம்பிக்கை.

அவள் வாயைத் திறக்கவில்லை. செபம் முடிந்ததும் தான் உட்கார்ந்திருந்த பாயைச் சுருட்டிச் சுவரோரம் சாய்த்து வைத்துவிட்டுப் போனாள்.

அதற்கடுத்த ஞாயிறு அவள் வரவில்லை. அதற்கும் அடுத்த ஞாயிறும் வரவில்லை. எங்களுக்கு அது விளங்கவே கொஞ்ச காலம் ஆனது. இத்தனை வருஷமும் அவளைக் கோயிலுக்கு இழுத்து வந்தது கோபம்தான். அது தீர்ந்த பிறகு அவளுக்கு அங்கே வேலை இல்லை. முதல் இடம் காலியாகக் கிடந்தது. சுவிசேஷம் வாசிக்கத் திரும்பும் உபதேசியார் அந்த இடத்தைப் பார்த்து இப்போதும் வரி தவறுகிறார்.

மாதக் கடைசியில் சாமியார் வந்தார். வெள்ளைக்காரர், எங்கள் பங்குக்குப் புதியவர். ஆட்களை அடையாளம் வைத்துக்கொள்வதில் அவருக்கு அக்கறை அதிகம். பூசை முடிந்ததும், எப்போதும் முன்னால் உட்காரும் அந்தப் பக்தியுள்ள அம்மாள் எங்கே என்று கேட்டார்.

"மகனப் பாக்கப் போயிருக்குங்க, சாமி," என்றார் உபதேசியார்.

சாமியாருக்குச் சந்தோஷம். தாயும் பிள்ளையும் ஒருவரை ஒருவர் போய்ப் பார்த்துக்கொள்வது நல்ல காரியம் என்றார். மகன் எந்தத் தோட்டம் என்று கேட்டார்.

"இந்தத் தோட்டந்தாங்க, சாமி."