ஏழாம் நம்பர் வவ்வால்

ஏழாம் நம்பர் வவ்வால் அவள் மானத்தை வாங்கிக்கொண்டிருந்தது.

இரண்டு வருஷமாகத் தொண்டைத் தண்ணீர் வற்ற அவள் சொல்லிவந்தது இதுதான்: அச்சு அசலாக ஒன்றுபோல் இருக்கும் இரண்டு வவ்வால் இனங்கள் ஒரே ஊரில் அடித்துக்கொள்ளாமல் பிழைக்கின்றன. பெரிய காதுக்காரர்கள் மரங்களுக்குள் பூச்சி பிடிக்கிறார்கள், சின்னக் காதுக்காரர்கள் ஏரிக்கு மேலே. பன்னிரண்டு வவ்வால்களின் முதுகில் பட்டாணி அளவு ரேடியோவைப் பசை வைத்து ஒட்டியிருந்தாள். பதினொன்று சமர்த்தாக இருந்தன. சின்னக் காதுக்கார ஏழு, ஒட்டும்போதே கையை உதறிக்கொண்டு பறந்த வாலு, மரம் அடர்ந்த தெருக்களில் சுற்றுவதாகக் கம்பங்களில் கட்டியிருந்த கருவிகள் காட்டின. நாளைக்கு முனைவர் பட்டத் தேர்வுக் குழு முன்னால் நிற்க வேண்டும். ஏழு சொல்வது நிஜமென்றால் ஆராய்ச்சி அம்போ!

சாயங்காலம் கொழுந்தனைக் கெஞ்சிக் கூத்தாடி ஏரிக்கரைக்கு இழுத்துவந்தாள். கல்யாணம் படம்பிடிக்கும் ட்ரோனில் ஆன்டெனாவைக் கட்டிப் பறக்கவிட்டான்.

"அண்ணி, தெருப் பக்கம் போகப் போக சிக்னல் குறையுது."

"அப்ப திருப்பு!"

அவள் தலைக்கு மேலே வந்ததும் கருவி வீல் வீலென்று கத்தியது. மரத்தடிக்கு ஓடினாள், ட்ரோன் அங்கே வந்தபோதுதான் கத்தியது. படகுத்துறைக்கு ஓடினாள், அங்கேயும் அதே கதை.

கொழுந்தனுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "ஏழு எங்கயும் போகல அண்ணி. நீங்கதான் ஏழு!"

வவ்வால் வேலைக்குத் தினமும் போடும் மேல்கோட்டைக் கழற்றிப் பார்த்தாள். பின்விளிம்பில் ரேடியோ கெட்டியாக ஒட்டியிருந்தது. அன்று வவ்வால் வெறும் முதுகோடு பறந்திருக்கிறது. மூன்று வாரமாகச் சுமந்தது இவள். அப்பாடா, போன உயிர் திரும்பி வந்தது.

கொழுந்தன் ஏழு சுற்றிய வரைபடத்தை உற்றுப் பார்த்தான். "இது ஏரி, இது நம்ம வீடு. நடுவுல தினமும் இருபது நிமிஷம் நிக்குதே... பேக்கரியா அண்ணி?"

கணவன் இனிப்பே தொடக் கூடாதென்று வீட்டில் சர்க்கரை டப்பாவுக்கே பூட்டுப் போட்டவள் அவள்தான்.

"உங்க அண்ணன்கிட்ட சொல்லிடாதப்பா."

"ஏழாம் நம்பரையே அழிச்சிடுங்க. யாருக்குத் தெரியப்போகுது?"

அழிக்கலாம்தான். ஆனால் பிடிக்காததை அழித்துவிட்டுச் சொல்லும் முடிவை அவளாலேயே நம்ப முடியாது.

மறுநாள் கடைசி வரிசையில் கணவன் உட்கார்ந்திருந்தான். ஏழு போன பாதையைச் சிவப்பில் காட்டி, நடந்ததை ஒளிக்காமல் சொன்னாள்.

குழுத் தலைவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார். "அந்த ஏழு, நடுவுல நின்னு என்ன சாப்பிடுது?"

"கிரீம் பன் சார். தினமும் ரெண்டு."

அறையே அதிர்ந்தது. தலைவர் கண்ணைத் துடைத்தபடி கையெழுத்துப் போட்டார். "மரத்துக்கு ஒருத்தர், ஏரிக்கு ஒருத்தர், பேக்கரிக்கு ஒருத்தர். யாருக்கும் போட்டியில்ல. பாஸ்!"

கடைசி வரிசையில் கணவன் எழுந்து நின்றான்.

"இனிமே போட்டி இருக்கு சார். நாளையிலேர்ந்து நானும் அங்கதான்."